ரத்த அணு எந்தப் பக்கம் போவது என்பதை எது தீர்மானிக்கிறது, லுக்கீமியாவில் அது எங்கே தடைபடுகிறது?

நிலாமதி_உயிர்வேதி:

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலை உயிர்வேதியியல் படிக்கிறேன். ரத்த அணுக்கள் உருவாவது பற்றிய பாடத்தில் ஒரு மரம் மாதிரி படம் வரும். மேலே ஒரே ஒரு ஸ்டெம் செல், அதிலிருந்து கிளை கிளையாகச் சிவப்பணு, பிளேட்லெட், நியூட்ரோஃபில், மோனோசைட், பி செல், டி செல். ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் காட்டா1, பியூ.1, பாக்ஸ்5 என்று ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதாவது படியெடுப்புக் காரணி, பெயர் எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடவே மாட்டேன் என்கிறது.

எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ. அப்படியிருக்க ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டதும் செல் எப்படி "இனி நான் சிவப்பணு" என்று மாறுகிறது? அப்புறம் இன்னொன்று. லுக்கீமியா என்றால் கட்டுப்பாடில்லாமல் செல் பெருகுவது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் லுக்கீமியாவில் பழுதாகும் மரபணுக்களின் பட்டியலைப் பார்த்தால் பாதிக்குப் பாதி இதே பெயர்கள்தான். செல் என்னவாக மாறுவது என்பதைக் கவனிக்கும் புரதம் கெட்டால் ஏன் புற்றுநோய் வர வேண்டும்? பெருகச் சொல்கிற புரதம் கெட்டால் வந்தால் புரிகிறது, இது புரியவில்லை.

இழைநோக்கி:

நல்ல கேள்வி, அதுவும் இரண்டாவது கேள்வி ரொம்பவே நல்ல கேள்வி. முதலில் முதல் கேள்விக்கு வருகிறேன்.

டிஎன்ஏ ஒன்றுதான், ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திறந்து கிடப்பதில்லை. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டு பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். காட்டா1 தேடுவது ஜி-ஏ-டி-ஏ என்ற குட்டி எழுத்து வரிசையை, பியூ.1 தேடுவது ஜி-ஜி-ஏ-ஏ என்பதை மையமாகக் கொண்ட ஒரு வரிசையை. நாலெழுத்து வரிசை என்பதால் தற்செயலாகவே அது ஜீனோம் முழுக்க கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கும், ஆனால் காரணி உண்மையில் போய் உட்காருவது அதில் ஒரு சிறு பங்கில்தான். திறந்திருக்கும் இடம் வேண்டும், பக்கத்தில் கூட்டாளிப் புரதங்களும் வேண்டும். காட்டா1க்கு ஃபாக்1, டால்1 போன்றவை கூட்டாளிகள். பியூ.1 மாதிரி சில காரணிகள் மட்டும் மூடிக் கிடக்கும் இடத்தையும் திறந்துவிடும் வலிமை உள்ளவை, அதனால்தான் அவற்றை முன்னோடிக் காரணிகள் என்கிறார்கள்.

உட்கார்ந்தபின் மூன்று காரியம் நடக்கிறது. தன் பக்கத்துக்கு வேண்டிய மரபணுக்களை ஓட வைக்கும் (சிவப்பணு என்றால் ஹீமோகுளோபின், எரித்ரோபொய்டின் ஏற்பி இப்படி). தன் சொந்த மரபணுவையும் ஓட வைத்துத் தன் அளவைத் தானே உயர்த்திக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துக் காரணியை முடக்கும். காட்டா1 போய் பியூ.1ஐப் பிடித்து அதன் கூட்டாளியான சி-ஜூனைத் தள்ளிவிடுகிறது, பியூ.1 போய் காட்டா1 டிஎன்ஏவில் ஒட்டுவதையே தடுக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் செல் ஒரு பக்கம் சாய்ந்தால் பிறகு திரும்பி வராமல் பார்த்துக்கொள்கின்றன.

"ஒட்டிக்கொண்டதும் செல் மாறிவிடுமா" என்று கேட்டீர்கள். மாறும், பரிசோதனையில் மாற்றியே காட்டியிருக்கிறார்கள். 1995இல் தாமஸ் கிராஃப் குழுவினர் கோழியின் மைலாய்டு செல்களுக்குள் (நியூட்ரோஃபில், மோனோசைட் பக்கம் போகும் செல்கள்) காட்டா1ஐக் கொடுத்தபோது அவை சிவப்பணு, பிளேட்லெட் வழி முன்னோடிகளாகவும் ஈசினோஃபில்களாகவும் மாறின. எது எதுவாக மாறும் என்பதைக் காட்டா1இன் அளவு முடிவு செய்தது. 2004இல் அதே ஆய்வகம் சி/இபிபி-ஆல்ஃபா என்ற ஒரே ஒரு காரணியைக் கொடுத்து எலியின் பி செல்லை மேக்ரோஃபேஜாக (மோனோசைட் வழியில் வரும், கிருமிகளை விழுங்கும் செல்) மாற்றிக் காட்டியது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. பாக்ஸ்5 இல்லாத எலியில் பி செல் வழியில் போக ஆரம்பித்த செல்கள் பாதியில் நின்றுவிடும், அவற்றை வேறு சூழலில் வளர்த்தால் மேக்ரோஃபேஜாகவும் டி செல்லாகவும்கூடப் போகும். பாக்ஸ்5இன் வேலை "பி செல்லாக ஆகு" என்பது மட்டும் இல்லை, "மற்ற எதுவாகவும் ஆகாதே" என்பதும்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. மஜ்ஜையில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் உருவாகின்றன. இவ்வளவு உற்பத்திக்குக் காரணம் நடுவில் இருக்கிற முன்னோடி செல்கள், அவை வேகமாகப் பிரிந்துகொண்டே இருக்கும். ஆனால் முழுதாக முதிர்ந்த நியூட்ரோஃபில் பிரியாது, சிவப்பணுவில் நியூக்ளியஸே கிடையாது. முதிர்வதும் பிரிவதை நிறுத்துவதும் சேர்ந்தே நடக்கிற காரியம், பல சமயம் ஒரே காரணியே இரண்டையும் செய்கிறது. சி/இபிபி-ஆல்ஃபாவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோஃபில் மரபணுக்களை ஓட வைப்பதும் அதுதான், பிரியத் தூண்டும் இ2எஃப் புரதங்களை அடக்கி செல் பிரிவதை நிறுத்துவதும் அதுதான். ஏஎம்எல் (தீவிர மைலாய்டு லுக்கீமியா) நோயாளிகளில் ஏறக்குறைய 10 சதவீதம் பேரிடம் இந்த மரபணுவில் பிறழ்வு இருக்கும். வழக்கமாகக் காணப்படும் வகை ஒன்றில் புரதத்தின் முன்பகுதி போய்விடும். 42 கிலோடால்டன் இருக்க வேண்டியது 30 கிலோடால்டன் குட்டைப் புரதமாக வரும். குட்டைப் புரதம் டிஎன்ஏவில் ஒட்டும், ஆனால் பிரிவதை நிறுத்த வேண்டிய பகுதி அதில் இல்லை. அந்த செல் முதிரவும் முடியாமல் பிரிவதை விடவும் முடியாமல் நடுவழியிலேயே நிற்கும். பெருகச் சொல்லும் புரதம் கெட வேண்டும் என்ற அவசியமே இல்லை, நிற்கச் சொல்லும் கட்டம் வராமல் போனாலே போதும்.

ஸ்லைடு_வாசிப்பவர்:

இழைநோக்கி சொன்னதை மைக்ரோஸ்கோப்பில் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். ரத்தவியல் ஆய்வகத்தில் இருக்கிறேன்.

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா, அதாவது சிஎம்எல், ஸ்லைடையும் தீவிர மைலாய்டு லுக்கீமியா, ஏஎம்எல், ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கண்ணாலேயே தெரிந்துவிடும். சிஎம்எல்லில் வெள்ளையணு எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், ஆனால் எல்லாக் கட்டத்து செல்லும் இருக்கும், மைலோசைட், பேண்ட், முழு நியூட்ரோஃபில் வரை. அங்கே கெட்டது பிசிஆர்-ஏபிஎல் என்ற டைரோசின் கைனேஸ், அது பெருகச் சொல்கிறது, முதிர்வதைத் தடுக்கவில்லை. ஏஎம்எல்லில் பார்த்தால் ஒரே மாதிரி பிளாஸ்ட் செல்கள், அதாவது முதிராத ஆரம்பக்கட்ட செல்கள், பெரிய நியூக்ளியஸ், ஓரத்தில் கொஞ்சமே சைட்டோபிளாசம், அப்புறம் நேராக அங்கொன்று இங்கொன்றாக முதிர்ந்த நியூட்ரோஃபில். நடுக்கட்டமே காணோம். அதே சிஎம்எல் நோயாளிக்குச் சிகிச்சை பலிக்காமல் பிளாஸ்ட் கிரைசிஸ் வந்தால் அவர் ஸ்லைடும் இப்படி ஆகிவிடும். அது லிம்ஃபாய்டு (பி செல், டி செல் பக்க) வகை கிரைசிஸாக இருந்தால் இகாரோஸ் என்ற படியெடுப்புக் காரணியின் மரபணு அழிந்திருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். அதாவது கைனேஸ் மட்டும் இருந்தவரை நாள்பட்ட நோய், காரணியும் போனதும் தீவிர நோய்.

இன்னொன்று, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். ஏபிஎல் (தீவிர புரோமைலோசைட்டிக் லுக்கீமியா) என்று ஏஎம்எல்லில் ஒரு வகை, மேலே சொன்ன பிசிஆர்-ஏபிஎல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் பிஎம்எல்-ரார் ஆல்ஃபா என்ற இணைவுப் புரதம் உண்டாகிறது. ரார் ஆல்ஃபாவும் ஒரு படியெடுப்புக் காரணிதான், ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டினால் மரபணுக்களை ஓட வைக்கும், இல்லாவிட்டால் அடக்கி வைக்கும். இணைவுப் புரதமோ உடம்பில் இயல்பாக இருக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதே இல்லை, அடக்கியபடியே இருக்கும். செல்கள் நியூட்ரோஃபில் ஆகும் வழியில் வரும் புரோமைலோசைட் கட்டத்தில் குவிந்துவிடும். ஷாங்காயில் டாக்டர் வாங் ழென்யி 1985இல் ஒரு சிறுமிக்கு ஏட்ரா எனப்படும் ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை மருந்தளவில் கொடுத்தார், பிழைத்தாள். 1988இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 24 நோயாளிகள், 24 பேருக்கும் நோய் தணிந்தது, ஒருவருக்கு மட்டும்தான் கூடவே கீமோ தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் ஏபிஎல் என்றால் சில நாட்களிலேயே ரத்தக்கசிவில் உயிர் போகும் நோய் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏட்ரா ஆரம்பித்த சில நாட்களில் ரத்த ஸ்லைடு போட்டுப் பார்த்தால், நியூக்ளியஸ் மடல் மடலாகப் பிரிந்த, பார்வைக்கு முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் தெரியும், அவற்றில் சிலவற்றுக்குள் ஆவர் குச்சி இருக்கும். ஆவர் குச்சி என்பது லுக்கீமியா செல்லில் மட்டும் வரும் சிவந்த ஊசி போன்ற படிகம், நல்ல நியூட்ரோஃபிலில் இருக்கவே இருக்காது. அப்படியென்றால் அந்த நியூட்ரோஃபில் புதிதாக வந்த நல்ல செல் இல்லை, புற்றுநோய் செல்லேதான் முதிர்ந்து நிற்கிறது! முதல்முறை இதைப் பார்க்கும் மாணவர்களைக் கூப்பிட்டு நான் தவறாமல் காட்டுவேன். கொல்லவே இல்லை, வளர விட்டோம், வளர்ந்ததும் நியூட்ரோஃபில் போலவே தன் ஆயுள் முடிந்து அது போய்விடும்.

இப்போது ஏட்ராவோடு ஆர்செனிக் டிரையாக்சைடும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆர்செனிக் பிஎம்எல் பகுதியைப் பிடித்து இணைவுப் புரதத்தையே சிதைக்க வைக்கிறது. 2013இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், வெள்ளையணு எண்ணிக்கை மிகவும் ஏறாத நோயாளிகளில், இரண்டு வருட முடிவில் நோய் திரும்பாமலும் வேறு பாதகமில்லாமலும் இருந்தவர்கள் ஏட்ரா-ஆர்செனிக் பிரிவில் 97 சதவீதம், ஏட்ரா-கீமோ பிரிவில் 86 சதவீதம். ஒரு விஷயம் மட்டும், இது படிப்பவர்களில் யாராவது மருத்துவ மாணவர் இருந்தால்: ஏபிஎல் என்று சந்தேகம் வந்த நிமிடமே ஏட்ராவை ஆரம்பிக்க வேண்டும், மரபணு அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தக்கசிவு காத்திருக்காது.

வேர்செல்_07:

இழைநோக்கி எழுதியதில் காட்டா1-பியூ.1 பற்றிய பகுதிக்கு ஒரு மறுப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடக்கும் என்பது சரி. ஆனால் ஸ்டெம் செல்லில் இரண்டும் சமமாக இருந்து, தற்செயலாக எது கொஞ்சம் கூடுகிறதோ அந்தப் பக்கம் செல் சாய்கிறது என்று பாடப்புத்தகம் வரையும் ஊசலாட்டம் அப்படியே உண்மை இல்லை. 2016இல் டிம் ஷ்ரோடர் குழுவினர் எலியின் பியூ.1, காட்டா1 இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும்படி செய்து, தனித்தனி செல்லாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து படம் பிடித்தார்கள். சிவப்பணு-பிளேட்லெட் பக்கமா மைலாய்டு பக்கமா என்ற முடிவை அந்த இரண்டின் விகிதம் தொடங்கி வைக்கவில்லை. முடிவு ஏற்கெனவே வேறெங்கோ ஆகிவிடுகிறது, இவை அதைப் பூட்டி உறுதிப்படுத்துகின்றன. நிலாமதி, தேர்வுக்குப் படத்தை வரையுங்கள், ஆனால் "தொடங்குவது" வேறு "நிலைநிறுத்துவது" வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அளவைப் பற்றி. காரணி இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பார்த்தால் லுக்கீமியா புரியவே புரியாது. பியூ.1 எலிகளையே பாருங்கள். மரபணுவின் இரண்டு பிரதியும் இல்லாவிட்டால் எலி பிழைப்பதில்லை. ஒரு பிரதி இருந்தால், அதாவது பாதி அளவு, லுக்கீமியா வருவதில்லை. 2004இல் மரபணுவைத் தொடாமல், அதற்கு வெகு தூரத்தில் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டை மட்டும் நீக்கினார்கள். பியூ.1 அளவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது, அந்த எலிகளுக்கு ஏஎம்எல் வந்தது. புரதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அளவுதான் குறைந்தது. செல் மைலாய்டு வழியில் கிளம்பிப் போகுமளவுக்கு இருக்கிறது, போய்ச் சேருமளவுக்கு இல்லை. அந்த இடைப்பட்ட அளவுதான் ஆபத்து.

இதனால்தான் மனித லுக்கீமியாவில் காரணிகள் முழுசாக அழிவதைவிடப் பாதி போவதும், குட்டையாவதும், வேறொன்றோடு ஒட்டி இணைவுப் புரதமாவதும் அதிகம். ருன்எக்ஸ்1ஐப் பாருங்கள். 8ஆம் குரோமோசோமுக்கும் 21ஆம் குரோமோசோமுக்கும் இடையில் நடக்கும் இடமாற்றத்தில் (ஜேனட் ரவுலி 1973இல் கண்டுபிடித்தது) அதன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி இடிஓ என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ருன்எக்ஸ்1 போக வேண்டிய இடத்துக்கே போகிறது, ஆனால் மரபணுவைத் திறப்பதற்குப் பதில் அடக்கும் புரதங்களைக் கூட்டிவந்து உட்கார வைக்கிறது.

ஒரு_அப்பா:

மன்னிக்கவும், உங்கள் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. என் மகளுக்கு ஏஎல்எல் (தீவிர லிம்ஃபாய்டு லுக்கீமியா) என்று சிகிச்சை நடக்கிறது, இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் ரிப்போர்ட்டில் ஈடிவி6-ருன்எக்ஸ்1 என்று இருக்கிறது, அந்தப் பெயரைத் தேடித்தான் இங்கே வந்தேன். டாக்டர் இது நல்ல வகை என்றார், அதற்குமேல் கேட்க அப்போது தோன்றவில்லை. ருன்எக்ஸ்1 என்றால் வேர்செல் சொல்வது மாதிரி ஆபத்தானதா? இது எங்களிடமிருந்து அவளுக்குப் போனதா? அவள் தம்பிக்கும் வருமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஸ்லைடு_வாசிப்பவர்:

அண்ணா, மன்னிப்பெல்லாம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான்.

வேர்செல் எழுதியது 8-21 இணைவு, அது ஏஎம்எல். உங்கள் மகளுக்கு இருப்பது 12-21, அது வேறு. குழந்தைகளுக்கு வரும் பி செல் ஏஎல்எல்லில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று இந்த வகை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகைகளில் ஒன்று என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

உங்களிடமிருந்து போனது இல்லை. இந்த இணைவு அம்மா அப்பா மரபணுவில் இருப்பதில்லை, பெரும்பாலும் குழந்தை வயிற்றில் இருக்கும்போது அதன் ஏதோ ஒரு ரத்த செல்லில் தானாக நடக்கிறது. மெல் கிரீவ்ஸ் குழுவினர் இதை ஒரே நஞ்சுக்கொடி உள்ள இரட்டைக் குழந்தைகளில் கண்டுபிடித்தார்கள், ஒரு குழந்தையில் உண்டான செல் நஞ்சுக்கொடி வழியாக மற்றதற்கும் போயிருந்தது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்து வைத்திருந்த ரத்தத் துளியிலும் இணைவு இருந்தது, நோய் வந்ததோ வருடங்கள் கழித்து. இன்னும் முக்கியமானது, இந்த இணைவோடு பிறக்கும் குழந்தைகள் 100க்கு ஒன்று முதல் ஐந்து வரை இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அவர்களில் மிக மிகப் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. இரண்டாவதாக வேறு பிறழ்வுகளும் சேர்ந்தால்தான் வரும், உதாரணமாக மிச்சமிருக்கும் நல்ல ஈடிவி6 பிரதியும் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் அம்மா சாப்பிட்டதோ செய்ததோ காரணம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், முக்கியமாக அவள் அம்மா காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி இரட்டைப் பிறவி இல்லையென்றால் இந்த இணைவை நினைத்து அவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ருன்எக்ஸ்1, காட்டா2, சி/இபிபி-ஆல்ஃபா பிறழ்வுகள் பரம்பரையாக வரும் குடும்பங்கள் உண்டு, அது வேறு கதை. அங்கே ஒரே குடும்பத்தில் பலருக்குப் பிளேட்லெட் குறைவு, ரத்த நோய்கள் என்று இருக்கும். உங்கள் குடும்பத்தில் அப்படி இருந்தால் மட்டும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஒரு_அப்பா:

ரொம்ப நன்றி டாக்டர். அவள் அம்மாவையே உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டினேன்.

நிலாமதி_உயிர்வேதி:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆவர் குச்சி இருக்கும் நியூட்ரோஃபில் படத்தைத் தேடிப் பார்த்தேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஏபிஎல்லில் இப்படிச் செய்ய முடிகிறது என்றால் மற்ற லுக்கீமியாக்களிலும் குறைகிற காரணியைத் திரும்பக் கொடுத்தோ, கெட்ட இணைவை முடக்கியோ செல்லை முதிர வைக்கலாமே? ஏன் இன்னும் கீமோதான் பெரும்பாலும்?

இழைநோக்கி:

முதலில் வேர்செல்லுக்கு: ஒப்புக்கொள்கிறேன், "சாய்ந்தால் திரும்பாமல்" என்பதற்குத்தான் அந்த மூன்றையும் சொன்னேன், எது சாய்க்கிறது என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

நிலாமதி, ஏபிஎல்லில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. ரார் ஆல்ஃபாவில் ரெட்டினாயிக் அமிலம் போய் உட்காருவதற்கென்றே இயற்கையாக ஒரு குழி இருக்கிறது, மருந்துக்கு அது போதும். கைனேஸ்களிலும் ஏடிபி உட்காரும் குழி உண்டு, சிஎம்எல்லுக்குக் கொடுக்கும் இமாடினிப் அங்கேதான் போய் உட்காருகிறது. ருன்எக்ஸ்1, பியூ.1 மாதிரி பெரும்பாலான படியெடுப்புக் காரணிகளில் அப்படி எதுவும் இல்லை. அகலமான பரப்பால் டிஎன்ஏவையும் மற்றப் புரதங்களையும் பிடிப்பவை, சின்ன மருந்து மூலக்கூறு ஒட்டிக்கொள்ள இடமில்லை. குறைகிற காரணியை உள்ளே அனுப்புவதும் கஷ்டம், கோடானுகோடி பிளாஸ்ட் செல்லில் ஒன்றுவிடாமல் போய்ச் சேர வேண்டும், அதுவும் சரியான அளவில்.

ஆனாலும் சுற்றுவழிகள் திறந்துகொண்டே வருகின்றன. காரணியைத் தொடாமல் அதன் கூட்டாளியைத் தொடுவது ஒன்று. எம்எல்எல் என்ற புரதம் வேறொன்றோடு இணைந்துபோன லுக்கீமியாவில் ஹாக்ஸ்ஏ9, மெயிஸ்1 என்ற காரணிகள் அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதால்தான் செல் முதிராமல் நிற்கிறது, அதற்கு மெனின் என்ற புரதம் எம்எல்எல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டைத் தடுக்கும் ரெவ்யூமெனிப் மருந்துக்கு, நோய் திரும்பியவர்களுக்கும் சிகிச்சைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் கொடுக்க, அமெரிக்க எஃப்டிஏ 2024 நவம்பரில் அனுமதி கொடுத்தது. ஐடிஹெச்1, ஐடிஹெச்2 பிறழ்வுள்ள ஏஎம்எல்லுக்கு ஐவோசிடினிப், எனாசிடினிப் இருக்கின்றன. அங்கே கெட்ட நொதி உண்டாக்கும் ஒரு பொருள் டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை அகற்ற விடாமல் முதிர்ச்சியைத் தடுக்கிறது, நொதியை அடக்கினால் செல்கள் முதிர ஆரம்பிக்கின்றன. இந்த மருந்துகளிலும் ஏட்ராவில் வருவது போலவே, திடீரென்று முதிரும் செல்களால் காய்ச்சல், மூச்சுத் திணறல், உடம்பில் நீர் சேர்வது என்று டிஃபரன்சியேஷன் சிண்ட்ரோம் வரலாம், டெக்ஸாமெத்தசோன் கொடுத்துச் சமாளிப்பார்கள். செல் நிஜமாகவே முதிர்கிறது என்பதற்கு அந்தப் பக்கவிளைவே ஒரு சாட்சி.

இன்னொரு வழி காரணியையே சிதைப்பது. லெனலிடோமைட் என்ற மருந்து மல்டிபிள் மைலோமாவில் (பி செல் வழியில் வரும் பிளாஸ்மா செல்லின் புற்றுநோய்) வேலை செய்வது இப்படித்தான் என்று 2014இல் தெரிந்தது, இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு காரணிகளையும் செரிப்லான் என்ற புரதத்தோடு ஒட்டவைத்து செல்லின் சொந்தக் கழிவு இயந்திரத்திடமே கொடுத்துவிடுகிறது. காரணியில் குழி தேவையே இல்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், பி-ஏஎல்எல்லில் இகாரோஸ் போனால் நோய் மோசமாகிறது, மைலோமாவில் அதே இகாரோஸைப் போக்கினால் நோய் அடங்குகிறது. எந்த செல், எந்தக் கட்டம் என்று தெரியாமல் ஒரு காரணியை நல்லது கெட்டது என்று சொல்லவே முடியாது. ஆய்வுக்கு ஏதாவது தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்தக் காரணி எந்த செல்லில் யாரோடு சேர்ந்து உட்காருகிறது என்பதில் செய்ய வேண்டியது இன்னும் நிறையக் கிடக்கிறது.